பூட்டு விழுவதற்கு முன்

அண்ணாச்சி போன மாதம் காலமானார். திருநெல்வேலிக்காரர் என்பதால் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் முதல் பொது மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். எழுபதுகளின் கடைசியில் ரிசர்வ் வங்கியில் சேர்ந்தவர், பணிக்காலத்தின் பெரும்பகுதியை வங்கி ஆய்விலேயே கழித்தார். வேறு துறைகளுக்குப் போகும் வாய்ப்பு வந்தபோதும் நகரவில்லை. துக்கம் விசாரிக்க வந்த உறவினர்களில் பாதிப் பேருக்கு அவர் பார்த்த வேலை என்னவென்று தெரியவில்லை. "பேங்க்ல இருந்தாரு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அந்த வேலை என்ன, அதில் எது கடினம் என்று எழுதி வைப்பதுதான் நான் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை.

வங்கி ஆய்வாளர் என்றால் திருட்டைக் கண்டுபிடிப்பவர் என்று பொதுவாக நினைக்கிறோம். அண்ணாச்சி அப்படிச் சொல்ல மாட்டார். "கண்டுபிடிக்கிறது பாதி வேலைகூட இல்ல தம்பி. பணம் மிச்சமிருக்கும்போதே அதை ஒருத்தர் காதுல ஏத்தி, ஏதாவது செய்ய வைக்கணும். மீதி முழுக்க அதுலதான் இருக்கு" என்பார். பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. பழைய கதைகளைப் படித்த பிறகுதான் புரிந்தது.

நம் ஊரில் வங்கிகள் விழுந்த கதை பழையது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அடுத்த ஆண்டே வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். நம்பிக்கையான ஒரு வங்கியை நாமே தொடங்குவோம் என்பது அந்தக் காலத்து விடை. வங்கிகளை வெளியிலிருந்து ஒருவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் எதுவும் வரவில்லை. ரிசர்வ் வங்கி 1935இல் வந்துவிட்டது. ஆனால் 1938 ஜூனில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கதவை மூடியபோது, வங்கிகளுக்குள் போய்ப் புத்தகங்களைத் தொடர்ந்து சோதிக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு இல்லை. 1946இல் ஓர் அவசரச் சட்டம் ஆய்வுக்கு வழி செய்தது. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. ஆய்வாளர் ஒரு வங்கிக்குள் நுழைவது இன்றைக்கும் அந்தச் சட்டத்தின் 35ஆவது பிரிவின் பேரில்தான்.

சரி, அதிகாரம் வந்தாயிற்று. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அண்ணாச்சி புதிதாக வருகிறவர்களிடம் விடாமல் சொல்வார். அது பாலா சென்ட்ரல் வங்கியின் கதை.

பாலா கேரளத்தில் மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர். அங்கே 1927இல் தொடங்கிய வங்கி, வளர்ந்து மாநிலத்தின் பெரிய வங்கியாகிவிட்டது. 1951இல் ரிசர்வ் வங்கி ஆய்வுக்குப் போனபோதே அதன் கடன்களின் நிலை சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அறிக்கை எழுதினார்கள், அறிவுரை சொன்னார்கள், அவகாசம் கொடுத்தார்கள். மறுபடியும் ஆய்வு, மறுபடியும் அவகாசம். இப்படி ஒன்பது ஆண்டுகள் போயின. 1960 ஆகஸ்ட் 8 அன்று வங்கியைக் கலைக்கக் கோரி ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாள் பணம் எடுக்கப் போனவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

இதில் ஆய்வாளர்கள் எதையும் கோட்டை விடவில்லை. தெரிய வேண்டியதெல்லாம் முதல் ஆய்விலேயே தெரிந்திருந்தது. தெரிந்ததும் செய்ததும் ஒன்பது ஆண்டு தள்ளி நின்றன. ஏன் தள்ளிப் போகிறது என்பதற்கு அண்ணாச்சி யாரையும் திட்ட மாட்டார். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்பார். ஒரு வங்கி பலவீனமாக இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் அன்றைக்கே கூட்டம் கூடி அதை விழுத்தாட்டிவிடும். இன்னும் ஒரு வருடம் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம், புதிய மூலதனம் வரலாம், ஒரு பெரிய கடன் வசூலாகலாம். மூடினால் ஊழியர்களின் வேலை போகும், ஒரு வட்டாரத்தின் வியாபாரமே நிற்கும். ஒவ்வொரு காரணமும் நியாயமானதுதான். ஆனால் அந்த அவகாசத்தில் வங்கி சும்மா இருப்பதில்லை. பழைய பள்ளத்தை மூடப் புதிய டெபாசிட் வேண்டும். அதற்கு அடுத்த தெரு வங்கியைவிட அரை சதவீதம் கூடுதல் வட்டி தருகிறேன் என்று பலகை வைக்கும். அந்த வட்டியைக் கொடுக்க இன்னும் ஆபத்தான கடன்களைத் தேடிப் போகும். முதல் ஆய்வில் பங்குதாரரின் பணத்தோடு முடிந்திருக்க வேண்டிய நட்டம், கடைசி ஆய்வில் டெபாசிட்தாரரின் பணத்தைத் தொட்டுவிடும்.

பாலாவுக்குப் பிறகுதான் பல விஷயங்கள் வேகமாக நடந்தன. நலிந்த வங்கியை வேறொரு வங்கியோடு கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் 1960லேயே சட்டத்தில் வந்தது. 1962 ஜனவரியில் டெபாசிட் காப்பீடு தொடங்கியது. அன்றைக்கு ஒருவருக்கு 1,500 ரூபாய். 1993 முதல் ஒரு லட்சம். 2020 பிப்ரவரியிலிருந்து ஐந்து லட்சம். 1951இல் 566ஆக இருந்த வணிக வங்கிகளின் எண்ணிக்கை 1969இல் 89ஆகக் குறைந்தது. ஓசையில்லாமல் நடந்த அந்த இணைப்புகள் பலவற்றின் பின்னால் ஓர் ஆய்வு அறிக்கை இருந்திருக்கும்.

அந்த அறிக்கை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு நூற்பாலை. வங்கியின் புத்தகத்தில் அது நல்ல கடன். மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வருகிறது: இவ்வளவு பஞ்சு, இவ்வளவு நூல், மதிப்பு இவ்வளவு. அதை வைத்துத்தான் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று வங்கி கணக்குப் போடுகிறது. ஃபைல் கச்சிதமாக இருந்தது. அண்ணாச்சி ஃபைலை மூடிவிட்டு, மில்லின் கரண்ட் பில் வேண்டும் என்று கேட்டார். மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பில் வந்தது. நூல் நூற்கும் ஸ்பிண்டில் ஓடினால் மின்சார யூனிட் ஏறியே ஆக வேண்டும். இங்கே பல மாதங்களாகப் பில்லில் இருந்தது பெரும்பாலும் டிமாண்ட் சார்ஜ். அதாவது மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை. ஓடாத மில்லிலிருந்து மாதா மாதம் நூல் வந்துகொண்டிருந்தது, காகிதத்தில். அப்புறம் தீக்காப்பீட்டு பாலிசியைக் கேட்டார். வங்கிக்குச் சொன்ன இருப்பில் கால்வாசிக்குத்தான் முதலாளி காப்பீடு எடுத்திருந்தார். "தன்கிட்ட எவ்வளவு சரக்கு இருக்குன்னு அவர் நிஜமாச் சொன்ன ஒரே காகிதம் இதுதான் தம்பி" என்று அதைத் தனியே எடுத்து வைத்தார்.

இன்னொன்று மார்ச் மாத விவகாரம். வட்டியோ தவணையோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அந்தக் கடனை வாராக்கடன் என்று காட்ட வேண்டும். 2004 மார்ச்சுக்கு முன்பு இது 180 நாளாக இருந்தது. மார்ச் 31 அன்று புத்தகம் முடிகிறது. அதனால் மார்ச் கடைசி வாரத்தில் பல நோஞ்சான் கணக்குகளுக்குத் திடீரென்று உயிர் வரும், பணம் வந்து விழும், நிலுவை தீரும். ஆய்வுக்கு வருகிறவர்கள் மார்ச் 31ஆம் தேதிக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். அண்ணாச்சி ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார். மார்ச்சில் வந்த பணம் ஏப்ரலில் எங்கே போகிறது என்று பின்னால் போனால், அதே வங்கியின் வேறொரு கிளையில் அதே குடும்பத்துக்கு வேறு பெயரில் கொடுத்த புதிய கடனில் போய் முடியும். வங்கி தன் பணத்தைக் கொண்டே தன் வட்டியைக் கட்டியிருக்கும். இதைப் பிடிப்பதற்குப் பெரிய கணிதம் வேண்டாம், பொறுமை போதும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். கணினி வருவதற்கு முன்பு, தடித்த லெட்ஜர்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு செய்த வேலை அது.

இதெல்லாம் அவர் சொன்ன அந்தப் பாதி வேலை. இதற்குப் பிறகுதான் அறிக்கை. உலகின் எந்த நாட்டு ஆய்வுத் துறையிலும் அறிக்கை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும்போது கொஞ்சம் மென்மையாகும். "மூலதனம் கரைந்துவிட்டது" என்று தொடங்குவது "மூலதன நிலையில் முன்னேற்றம் தேவை" என்று முடியும். யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத் தணிக்கிறார்கள், அவ்வளவே. அண்ணாச்சி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முதல் பக்கத்திலேயே ஒரு சின்ன அட்டவணை: வங்கி சொல்லும் வாராக்கடன் இவ்வளவு, நாங்கள் பார்த்தது இவ்வளவு, அந்த வித்தியாசத்தால் வரக்கூடிய நட்டத்துக்குப் பணம் ஒதுக்கினால் மிஞ்சும் மூலதனம் இவ்வளவு. சொல்லைத் தணிக்கலாம், எண்ணைத் தணிக்க ஒரு காரணம் எழுத வேண்டியிருக்கும். வங்கித் தலைவரோடு நடக்கும் விவாதக் கூட்டத்திலும் குரலை உயர்த்த மாட்டார். அந்த அட்டவணையைத் திருப்பி அவர் பக்கமாக வைப்பார். ஆய்வுக்குப் போகிற இடத்தில் சாப்பாட்டுக்கும் கார் ஏற்பாட்டுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். பக்கத்து மெஸ்ஸில் டோக்கன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவார், எங்களையும் கூட்டிப் போவார்.

வேலையின் இன்னொரு பாரம் மௌனம். ஆய்வில் தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது. அண்ணாச்சியின் அக்கா, மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்த பணத்தை ஒரு சின்ன தனியார் வங்கியில் போட்டு வைத்திருந்தார். அன்றைய காப்பீட்டு வரம்பான ஒரு லட்சத்தைவிட அதிகம். அந்த வங்கியின் நிலை அண்ணாச்சிக்குத் தெரியும்; ஆய்வு செய்த குழுவில் அவரே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா எடுத்திருப்பார். அக்கா எடுத்தால் சம்பந்தி வீடு எடுக்கும், தெரு எடுக்கும். தனக்குச் சொந்தமில்லாத ஆயிரம் பேருக்குக் கிடைக்காத தகவலைத் தன் வீட்டுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? அவர் சொல்லவில்லை. சில வருடங்கள் கழித்து அந்த வங்கி ஒரு பெரிய வங்கியோடு இணைக்கப்பட்டது, பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செய்தி வந்த அன்று அக்கா கேட்டார்: "உனக்குத் தெரிஞ்சிருக்கும்லா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" அந்தக் கேள்விக்கு அண்ணாச்சி கடைசி வரை பதில் சொல்லவில்லை என்று அவரே எங்களிடம் சொன்னார்.

இந்த மௌனம் சரியா என்பதில் நாட்டுக்கே குழப்பம் உண்டு. ஆய்வு அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தர முடியாது, நம்பிக்கையின் பேரில் வங்கிகள் தந்த தகவல் அது என்று ரிசர்வ் வங்கி வாதாடியது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கியின் கடமை பொதுமக்களுக்கு, வங்கிகளுக்கு அல்ல என்ற திசையில் தீர்ப்பு வந்தது. உயிரோடு இருக்கும் வங்கியின் அறிக்கையை நாளிதழில் போட்டால் அன்றைக்கே கூட்டம் கூடி அதை விழுத்தாட்டிவிடும் என்று அண்ணாச்சி பயந்தார். எல்லாவற்றையும் பூட்டி வைத்தால், செயல்படாமல் இருந்ததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது என்பதும் அவருக்குத் தெரியும். எனக்கு இரண்டாவது பயம்தான் பெரியதாகத் தெரிகிறது.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு: முடிவைத் தனி மனிதரின் தயக்கத்திடம் விடாமல் விதியிடம் விடுவது. 1992இல் பங்குப் பத்திர ஊழல் வெடித்த பிறகு ரிசர்வ் வங்கிக்குள் மேற்பார்வைக்கென்றே தனித் துறையும், 1994இல் தனி வாரியமும் வந்தன. மூலதனம், கடன் தரம், நிர்வாகம், வருமானம், ரொக்க இருப்பு, உள் கட்டுப்பாடுகள் என்று தலைப்பு வாரியாக மதிப்பெண் போடும் முறையைப் பத்மநாபன் குழு 1995இல் பரிந்துரைத்தது. 2002 டிசம்பரில் உடனடித் திருத்த நடவடிக்கைத் திட்டம் வந்தது. சுருக்கமாக அதை பி.சி.ஏ. என்பார்கள். மூலதனம் இந்த அளவுக்குக் கீழே போனால், நட்டத்துக்கு ஒதுக்கியது போக மிஞ்சும் நிகர வாராக்கடன் இந்த அளவைத் தாண்டினால், கிளை திறக்கக் கூடாது, டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்த கோடுகள். அண்ணாச்சிக்குத் தன் பணிக்காலத்தில் மிகவும் பிடித்த சுற்றறிக்கை அதுதான். "இனிமே பேசிப் பேசி நாளக் கடத்த முடியாதுல்லா" என்றார்.

ஆனால் கோடு போட்டாலும் எண் நேர்மையாக இருக்க வேண்டும். குளோபல் டிரஸ்ட் வங்கி என்ற தனியார் வங்கியில் தணிக்கையாளர் ஒப்புக்கொண்ட நிகர மதிப்புக்கும் (கொடுக்க வேண்டியது போக மிஞ்சும் சொத்து) ரிசர்வ் வங்கியின் ஆய்வு கண்ட நிகர மதிப்புக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. முதலீட்டாளர் வருவார் என்று காத்திருந்து, 2004 ஜூலை 24 அன்று பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் தடை உத்தரவு போட்டு, ஆகஸ்ட் 14 அன்று ஓரியண்டல் பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைத்தார்கள். 2008க்குப் பிறகு வந்த ஆண்டுகளில், கட்ட முடியாதவர்களுக்காகத் தவணையையும் வட்டியையும் மாற்றிச் சீரமைத்த கடன்களை நல்ல கடனாகவே காட்டலாம் என்ற சலுகை நாடு முழுதும் இருந்தது. 2015 ஏப்ரலில் அது விலக்கப்பட்டது. அதே ஆண்டு ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது சொத்துத் தர மறுஆய்வு நடந்தது. பெரிய கடன்களை எல்லா வங்கிகளிலும் ஒரே நேரத்தில் அடுக்கி வைத்துப் பார்த்தார்கள். ஒரே கம்பெனி ஒரு வங்கியில் நல்ல கடன், இன்னொன்றில் வாராக்கடன் என்று இருந்த நிலை அப்போதுதான் மாறியது. மொத்த வாராக்கடன் விகிதம் 2018 மார்ச்சில் 11.2 சதவீதத்துக்கு ஏறியது. பலர் அதைப் புதிதாக வந்த நோய் என்று நினைத்தார்கள். பல ஆண்டுகளாக மறைந்திருந்தது வெளியே வந்தது, அவ்வளவே. 2024 மார்ச்சில் அது 2.8 சதவீதம். 2017 முதல், வங்கி சொன்ன வாராக்கடனுக்கும் ஆய்வில் கண்டதற்கும் வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால், அதை வங்கியே ஆண்டறிக்கையில் போட வேண்டும். அண்ணாச்சி அந்தக் காலத்தில் முதல் பக்கத்தில் போட்ட சின்ன அட்டவணை இப்போது அச்சில் வருகிறது. டெபாசிட் போடுமுன் அந்தக் குறிப்பைத் தேடிப் படிக்கலாம்.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி விஷயத்தில் விதி வேலை செய்தது, முழுதாகக் காப்பாற்றவில்லை. 2019 செப்டம்பரில் பி.சி.ஏ.வுக்குள் வந்தது, மூலதனம் தேடிய முயற்சிகள் கைகூடவில்லை, 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்ற உத்தரவு. பத்தே நாளில் டி.பி.எஸ். வங்கியோடு இணைப்பு முடிந்து, டெபாசிட்தாரர்களுக்கு முழுப் பணம் கையில் இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. இது கொங்கு மண்டலத்தில் பல வீடுகளில் இன்னும் ஆறாத புண். ஆனால் நட்டம் விழ வேண்டிய வரிசை அதுதான், முதலில் பங்குதாரர், கடைசியில் டெபாசிட்தாரர். அண்ணாச்சி அந்த பத்து நாள் வேகத்தைப் பாலாவின் ஒன்பது ஆண்டோடு வைத்துப் பார்த்தார்.

அவரை உலுக்கியது மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி. 2019 செப்டம்பரில் ஒருவர் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று உத்தரவு வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்த கடனை மறைக்க 21,049 போலிக் கணக்குகளைப் புத்தகத்தில் காட்டியிருந்தார்கள். கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை என்று சொன்னவர், அந்தப் பாதியே தவறினால் என்ன ஆகும் என்று பேச ஆரம்பித்தார். ஆய்வுக்குக் கேட்ட பட்டியலை அந்த வங்கியே தயாரித்துக் கொடுக்கும் வரை இது நடக்கும், கணினியிலிருந்து நேராக எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். கூட்டுறவு வங்கிகள் மீது ரிசர்வ் வங்கிக்குக் கூடுதல் அதிகாரம் தரும் சட்டத் திருத்தம் அடுத்த ஆண்டு வந்தது.

2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது. ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியே போனது. ஏப்ரல் 28 அன்று அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் மேற்பார்வைத் துணைத் தலைவர் மைக்கேல் பார் அது பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அண்ணாச்சிக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். வங்கி விழுந்த நாளில் தீர்க்கப்படாமல் நிலுவையில் இருந்த ஆய்வுக் குறைகள் 31, அதே அளவுள்ள மற்ற வங்கிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. மேற்பார்வையாளர்கள் கண்டார்கள், ஆனால் போதிய வேகத்தில் செயல்பட வைக்கவில்லை என்று அந்த அமைப்பே தன்னைப் பற்றி எழுதியிருந்தது. கூடவே, அதுவரை ரகசியமாக இருந்த ஆய்வுக் கடிதங்களையும் வெளியிட்டிருந்தார்கள்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த முப்பத்தொண்ணுல எத்தனை முந்தின வருஷமும் இருந்துச்சுன்னு பாருங்க தம்பி" என்றார். இருவரும் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் படித்தோம். உயிரோடு இருக்கும் வங்கியைப் பற்றி ஆய்வாளர் வாய் திறக்கக் கூடாது என்பதில் அவர் மாறவில்லை. ஆனால் ஒரு வங்கி மூடப்பட்டாலோ இணைக்கப்பட்டாலோ, ஓர் ஆண்டுக்குள் அதன் எல்லா ஆய்வு அறிக்கைகளையும், ஒவ்வொன்றுக்குப் பிறகும் யார் என்ன செய்தார்கள் என்ற விவரத்தோடு, இங்கேயும் வெளியிட வேண்டும் என்றார். அப்போது மறைக்க எதுவும் இல்லை, விழுத்தாட்டக் கூட்டமும் இல்லை. அடுத்த ஆய்வாளருக்கு எழுதுவதை எழுதத் துணிவும், எழுதியதைப் படிக்கிறவருக்கு நாள் கடத்தப் பயமும் வரும். எனக்கும் அதே எண்ணம்தான். பாலா கோப்பிலிருந்து தொடங்கலாம்.